ஆசிரியர் அருகில் ஓர் இருக்கை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று கால் மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் மேடையேறிப் பழகியவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே மறைந்ததால், அவர் பொருட்டு இரயில்வே கொடுத்த வேலையில் 2001-ஆம் ஆண்டு சேர்ந்து, பயணச்சீட்டுக் கொடுக்கும் எழுத்தனாகக் காலம் கழித்து வருபவன். "கல்வியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி?" என்று யாரேனும் கேட்டால், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் என்பது ஒரு தகுதி. ஓர் ஆசிரியைக்கு நான் ஒரு பிழை செய்தேன் என்பது இரண்டாவது தகுதி. அந்தப் பிழையை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ளவே பேச இசைந்தேன் என்றாலும் தவறாகாது.

வகுப்பறைக்குள் இன்று கணிப்பொறி வந்துவிட்டது, கைப்பேசி வந்துவிட்டது, சுவரில் வெண்திரை வந்துவிட்டது. இவற்றைக் கையாள நம் பள்ளி ஆசிரியர்களுக்கு யார் துணை செய்வது, எவ்வாறு செய்வது என்பதே என் பொருள்.

முதலில் என் அலுவலகக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த நிலையத்தில் அன்று அட்டைச் சீட்டுக்கள் இருந்தன. சிறு தடித்த அட்டை. தேதி குத்தும் இரும்புப் பொறியில் செருகி எடுத்தால் "டக்" என்று ஓசை கேட்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்த முறை அது. எங்கள் சாளரங்களில் மிகச் சிறந்தவர் கொங்கணக் கரையைச் சேர்ந்த ஒரு மூத்த மராத்தியர். அவரை அனைவரும் காகா என்றே அழைப்போம். ஐந்து பேருக்குப் போகவும் வரவும் சீட்டு என்றால், பயணி பணத்தை எடுக்கும் முன்பே காகா மீதிச் சில்லறையை எண்ணி வைத்திருப்பார். அவர் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்ததை நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளில் கணிப்பொறி வந்தது. அரை நாள் பயிற்சி என்றார்கள். ஒருவர் வந்து ஆங்கிலத்தில் விரைவாகப் பேசிவிட்டுப் போனார். மறுநாள் மாலை, கூட்டம் அலைமோதும் வேளையில், காகாவின் விரல்கள் எழுத்துப் பலகையின்மேல் செய்வதறியாது நின்றன. வரிசையில் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். பக்கத்துச் சாளரங்களில் இருந்த இளைஞர்களாகிய நாங்கள் சிரித்தோம். அன்றிரவு அவர் கணக்கில் பணம் குறைந்தது. குறைந்த பணத்தை எழுத்தர் தம் கைப்பொருளிலிருந்து கட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. மூன்று மாதம் அவ்வாறே கட்டினார். பிறகு, தாமே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பொதி அலுவலகத்திற்கு மாறிச் சென்றார். ஓய்வு பெறும் நாளில் நான் மாலையிட்டபோது அவர் மராத்தியில் சொன்னார்: "ஒரு வாரம் யாரேனும் ஒருவன் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் நானும் கற்றிருப்பேன், பிள்ளையே."

நான் கற்றது எப்படி? பக்கத்துச் சாளரத்து நண்பர் ஒருவர் பத்து நாள் என் அருகில் உட்கார்ந்திருந்தார். வேறு பயிற்சி எனக்கும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்த அந்த நாற்காலி காகாவுக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இந்தக் கதையை என் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கே விளங்கியது 2020-ஆம் ஆண்டில்தான்.

அந்த ஆண்டு மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அதன் பின் நம் மக்கள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. புறநகர் வண்டிகளும் நின்றுவிட்டதால் நான் மாட்டுங்காவில் உள்ள குடியிருப்பில் முடங்கிக் கிடந்தேன். என் இளைய மகள் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஜூன் மாதம் கைப்பேசியில் வகுப்புத் தொடங்கியது.

அவளுடைய ஆசிரியைக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்தவர். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து அச்சில் வார்த்தது போல் இருக்கும். ஆனால் கைப்பேசியை எங்கே நிறுத்துவது, எந்தப் பொத்தானை அழுத்தினால் குரல் கேட்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் வகுப்பில் எங்களுக்குத் தெரிந்தது அவர் வீட்டுக் கூரையும், சுழலும் மின்விசிறியும் மட்டுமே. குரலும் கேட்கவில்லை. இருபது நிமிடம் அப்படியே சென்றது.

பெற்றோர்கள் சேர்ந்திருந்த கைப்பேசிக் குழுவில் நான் ஒரு வரி எழுதினேன்: "இன்று நம் டீச்சர் மின்விசிறிக்குப் பாடம் நடத்தினார்." உடனே பலர் சிரிப்புப் படங்களை அனுப்பினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் குழுவில் ஆசிரியையும் இருக்கிறார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பு நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் நடக்கவில்லை. அவர் விருப்ப ஓய்வு கேட்டு எழுதப்போவதாக ஒரு தாய் கூறினார். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த என் மூத்த மகள், என் முகத்தைப் பாராமல் கேட்டாள்: "அப்பா, காகாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் நீங்களும் ஒருவர் என்று சொல்வீர்களே, அது எந்த வயதில்?"

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருபத்து மூன்று வயதில் செய்ததை அறியாமை எனலாம். நாற்பதில் அதையே மீண்டும் செய்தவனை என்னவென்று சொல்வது?

வெளியே செல்ல இயன்றவுடன், முகக்கவசம் அணிந்துகொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு ஆசிரியையின் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர், "இருக்கட்டும் தம்பி. நானும் அன்று சிரித்திருப்பேன், அது வேறொருவராக இருந்தால்" என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, "நீ வந்தது நல்லது. சொல்லிக் கொடு" என்றார்.

மகள் விரைவாகச் சொல்லத் தொடங்கினாள். ஆசிரியை தடுத்து, "நான் எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்" என்றார். பழைய நாட்காட்டியின் பின்புறத்தில், தம் அச்சு எழுத்தில், ஒன்பது படிகளைத் தமிழில் எழுதினார். "பச்சை நிறக் குறியைத் தொடு. பெயர்கள் வரும் வரை காத்திரு. ஒலிவாங்கிப் படத்தின்மேல் கோடு இருந்தால் குரல் கேட்காது." இவ்வாறு ஒன்பது. அதைச் சுவரில் மாட்டினார். கைப்பேசியை நிறுத்த, அரிசி நிரப்பிய ஒரு செம்பைப் பயன்படுத்தினார். மூன்று மாலை என் மகள் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் வகுப்பு நடந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இஃது ஒரு சிறு கதையே. பின்னர் நடந்ததுதான் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. காலை வகுப்பில் பிள்ளைகளில் பாதிப் பேர் கூட வரவில்லை என்பதை ஆசிரியை கண்டார். நாங்கள் பிள்ளைகளின் சோம்பல் என்று எண்ணினோம். அவரோ ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசிக் காரணம் அறிந்தார். பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அது தகப்பனார் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. ஆகவே அவர் ஒரு வழி கண்டார். பாடத்தை ஐந்து நிமிடக் குரற்பதிவாகப் பேசி அனுப்பினார். படம் வேண்டாம், நேரலை வேண்டாம், செலவும் குறைவு. இரவில் தகப்பனார் சோறு உண்ணும்போது பிள்ளை அந்தக் குரலைக் கேட்டு எழுதி, ஏட்டைப் படம் பிடித்து அனுப்பும். சில வாரங்களில் வகுப்பில் அனைவருமே பாடத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

கருவியை அறிந்தவள் என் மகள். ஆனால் அந்தக் கருவியால் எந்தக் குழந்தையை, எந்த வேளையில், எப்படி எட்டலாம் என்பதை அறிந்தவர் ஆசிரியை ஒருவரே. அந்த அறிவு எந்தக் கணிப்பொறிக் கடையிலும் விற்பதில்லை. நான் எழுதிய ஒரு வரிக் கேலி அந்த அறிவை ஓய்வுக்கு அனுப்பியிருக்கும்.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மும்பையில் கீழ் வகுப்புகள் திறக்கப்பட்டபோது அந்த ஆசிரியை கரும்பலகைக்கே திரும்பினார். ஆனால் குரற்பதிவை விடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும், ஊருக்குப் போன பிள்ளைக்கும் இன்றும் அனுப்பி வருகிறார்.

இது நம் கொல்லைப்புறக் கதை. உலகில் பிற இடங்களிலும் இவ்வாறே நடந்திருக்கின்றது என்பதைச் சில சான்றுகளால் காட்ட விரும்புகிறேன்.

தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் எட்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கினார்கள். 2012-இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி அதன் பயனை ஆராய்ந்து வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்குச் சான்று இல்லை என்பது அதன் முடிவு. பொருள் வந்தது, அதைப் பாடத்தோடு இணைக்கும் ஆசிரியருக்குப் போதிய துணை வரவில்லை.

நம் நாடு இதனை முன்பே உணர்ந்திருந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் காட்டி நிறுத்திவிடவில்லை. விடுமுறையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை ஊர்தோறும் அந்தப் பெட்டியின் முன் கூட்டி, பன்னிரண்டு நாள் அறிவியல் பயிற்சி அளித்தார்கள். தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சுப் பாடமும் செய்முறையும் சேர்ந்திருந்தன. ஏறத்தாழ 50,000 ஆசிரியர்கள் அவ்வாறு பயின்றனர். கருவியைப் பிள்ளைக்குக் காட்டியதோடு, ஆசிரியருக்கும் அதனாலேயே கற்பித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அண்மைக் காலத்துச் சான்று நாம் ஊருக்குப் போகும் தண்டவாளத்தின் ஓரத்திலேயே இருக்கின்றது. சென்னை செல்லும் மெயில் புனே, தௌண்டு கடந்து குர்துவாடி வழியாகச் சோலாப்பூர் போகும். நம்மில் பெரும்பாலோர் அந்த வேளையில் உறங்கிக்கொண்டிருப்போம். குர்துவாடி நிலையம் இருக்கும் மாடா வட்டத்தில் பரிதேவாடி என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர் ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே என்பவர், பாடப் புத்தகத்தின் பக்கங்களில் சிறு கட்டக் குறிகளை ஒட்டினார். கைப்பேசியை அக்குறியின்மேல் காட்டினால் பாட்டு ஒலிக்கும். பாடக் காட்சி தோன்றும். பிறகு மகாராட்டிர அரசு அம்முறையைப் பாடநூல்களில் ஏற்றது. 2018-இல் மத்திய அரசும் தன் பாடநூல்களில் அதனைச் சேர்ப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களிலும் அந்தக் கட்டக் குறிகள் உண்டு. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளின் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் டிசலே அவர்களுக்கு உலக ஆசிரியர் பரிசாகப் பத்து இலட்சம் டாலர் கிடைத்தது. அதில் பாதியை, இறுதிச் சுற்றில் தம்மோடு நின்ற மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதாக அறிவித்தார். பரிசைவிட அந்தப் பகிர்வே அவரை ஆசிரியர் என்று காட்டுகிறது.

செம்பூருக்கு அருகே தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தைத் தினமும் கடந்து போகிறவர்கள் இச்சபையில் பலர் இருப்பீர்கள். அந்தக் கழகம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தோடும் டாட்டா அறக்கட்டளையோடும் சேர்ந்து, இராஜஸ்தான், மிசோரம், சத்தீஸ்கர், தெலுங்கானா மாநிலங்களின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறி வழிக் கல்வியை நடத்தியது. ஆசிரியர்க்குப் பயிற்சி அளிப்பதும், ஆசிரியர்கள் கைப்பேசி வழியே ஒருவர்க்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்ள வழி செய்வதும் அப்பணியின் உயிர்ப் பகுதி. 2018-இல் யுனெஸ்கோ அதற்குப் பரிசளித்தது.

நம் நகரத்து மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் கற்பிக்கின்றன. அவற்றில் தமிழும் ஒன்று. 2015-இல் அப்பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே கருவி நம் தெருவுக்கும் வந்து பல ஆண்டுகள் ஆயின. ஆனால் தமிழ் ஆசிரியருக்கு மற்றவர்க்கு இல்லாத ஓர் இடையூறு உண்டு. பயிற்சி நடப்பது பெரும்பாலும் மராத்தியில், அல்லது இந்தியில், அல்லது ஆங்கிலத்தில். அவர் கற்பிக்க வேண்டியதோ தமிழில். பழைய எழுத்துருவில் அவர் தட்டெழுதிய வினாத்தாளை வேறொரு கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்99 என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999-லேயே ஏற்றது. 2010-இல் ஒருங்குறியையும் ஏற்றது. இவ்விரண்டையும் ஒரு மாலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதே தேவை. அத்தகையோர் நம்மிடையே இல்லையா? ஐரோலியிலும் பவாயிலும் கணிப்பொறி நிறுவனங்களில் வேலை செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை, நம் இளைஞர்கள் சிலர், தலைமையாசிரியரின் இசைவு பெற்று, அருகிலுள்ள தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களின் பக்கத்தில் சென்று உட்கார வேண்டும். அவ்வாறு செல்வோர்க்கு ஓர் எழுத்தனின் அனுபவத்திலிருந்து சில சொற்கள்.

முதலாவது, "இந்தக் கருவி என்னென்ன செய்யும் தெரியுமா?" என்று தொடங்காதீர்கள். "அடுத்த வாரம் என்ன பாடம் நடத்தப் போகிறீர்கள்? அதில் பிள்ளைகளுக்கு எது கடினம்?" என்று கேளுங்கள். பின்னத்தை விளக்கப் படம் வேண்டுமா, வரலாற்றுக்குக் காட்சி வேண்டுமா என்பதை அவர் சொல்வார். அதற்கு மட்டும் உதவுங்கள்.

இரண்டாவது, ஒரு மாலைக்கு ஒரு காரியம் போதும். பத்தைக் காட்டினால் பதினோராவது நாள் ஒன்றும் நினைவிராது.

மூன்றாவது, கருவி அவர் கையில் இருக்கட்டும். உங்கள் கை மடியில் இருக்கட்டும். நீங்களே அழுத்திக் காட்டினால் கற்பது நீங்கள்தான். அவர் தமிழில் எழுதிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

நான்காவது, மறுவாரம் கட்டாயம் திரும்பிப் போங்கள். ஐயம் எழுவது பயிற்சி நாளில் அன்று. தனியே வகுப்பில் நிற்கும் நாளில்தான்.

ஐந்தாவது, மின்சாரம் நின்றாலும் வலை அறுந்தாலும் பாடம் நிற்கக் கூடாது. கரும்பலகையில் நடத்தக்கூடிய பாடத்தையும் அவர் கையில் வைத்திருக்கட்டும். சுண்ணக்கட்டி பழுதாவதில்லை.

பெற்றோர்களாகிய நமக்கு ஒரே ஒரு சொல்தான். சிரிக்காதீர்கள். நாற்பது பிள்ளைகள் முன்னும் அவர்களுடைய பெற்றோர்கள் முன்னும் ஒன்றைப் புதிதாகக் கற்பது எளிதன்று. நம்மில் யாரேனும் நம் வேலையை அப்படி ஊரார் பார்க்கக் கற்றோமா? ஆசிரியர் தடுமாறினால், "டீச்சர், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்குப் பயிற்சி வேண்டுவதில்லை, செலவும் இல்லை.

தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் வருந்துகிறோம். தீர்மானமும் நிறைவேற்றுகிறோம். அந்தப் பள்ளிகளை இன்றும் தாங்கி நிற்பவர்கள் அங்கே உள்ள ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் வெட்கி விலகினால், நாம் இயற்றும் தீர்மானம் அந்த இடத்தில் நின்று பாடம் நடத்தாது.

காகா இன்று இல்லை. அவர் கேட்ட நாற்காலியை அவருக்கு நான் போடவில்லை. ஆசிரியையின் வாசலில் என் மகள் போட்டாள். வருகின்ற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, என் மகளும் அவள் தோழிகள் மூவரும் அந்தப் பள்ளிக்கே செல்கிறார்கள். தலைமையாசிரியர் இசைவு தந்துவிட்டார். உடன் வர விரும்பும் இளைஞர்கள் விழா முடிந்தவுடன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். நானும் வருவேன். எனக்குக் கற்பிக்கத் தெரியாது. நாற்காலி எடுத்துப் போடத் தெரியும்.